அறுபதுக்கு எந்த வாட்ச்? வடசென்னையில் ஒரு கேள்வியும் அதன் விடைகளும்

அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, விலையுயர்ந்த வாட்ச் ஒன்று வாங்கித் தர நினைக்கிறார்கள். எதை வாங்குவது? ராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வளர்ந்த குடும்பங்களிலும் இன்று எழும் கேள்வி இது. கடைக்காரரிடம் கேட்டால் விலை வரிசையில் எடுத்துக் காட்டுவார். ஆனால் இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அறுபது என்பது எதன் நிறைவு? அந்த நிறைவுக்கு அடையாளமாக ஒரு பொருள் வேண்டுமா? வேண்டுமென்றால் அது ஏன் நேரம் காட்டும் கருவியாக இருக்க வேண்டும்?

இவற்றுக்குச் சடங்கு மரபு ஒரு விடை சொன்னது. ஆலை ஒரு விடை சொன்னது. சுங்கச் சட்டமும் தன் வழியில் ஒன்றைச் சொல்லி வைத்தது. பின்னால் வந்த விடை முன்னதை அழித்துவிடவில்லை. ஒரே வீட்டில் பாட்டி ஒன்றையும் மகன் ஒன்றையும் மருமகள் வேறொன்றையும் நம்பிக்கொண்டிருக்க முடிகிறது. ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது, எங்கே தளர்கிறது என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

எந்த அறுபது?

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அறுபது முடிந்தால் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருகிறது. வியாழன் ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு. இரண்டும் பிறந்தபோது நின்ற இடங்களுக்கு அருகே சேர்ந்து திரும்புவது அறுபதில். பழைய நாள் கணக்கும் இதே எண்ணில் ஓடியது: 60 விநாழிகை ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். கடிகார முகப்பின் அறுபது கோடுகள் பாபிலோனியர் கணக்கின் வழி வந்தவை என்றாலும், அறுபதுக்கும் காலத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் வீட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'மணிவிழா' என்ற சொல்லையும் இங்கே கவனிக்கலாம். வைரவிழா, பவளவிழா என்பதைப் போல அதிலுள்ள மணி ரத்தினத்தைக் குறிக்கிறது. ஆனால் அதே சொல்தான் கோயில் மணிக்கும், 'மணி என்ன ஆச்சு' என்ற கேள்விக்கும் பயன்படுகிறது. அறுபதுக்கு வாட்ச் கொடுப்பது பொருத்தம் என்று பலருக்குத் தோன்றுவதில் இந்தச் சொல்லுக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம்.

சடங்கு மரபின் விடை தெளிவானது. அறுபதில் வேண்டப்படுவது ஆயுள். பொருள் அதற்குப் பிறகு. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காக எமனைத் தடுத்த காலசம்ஹாரமூர்த்தி முன்னிலையில் அறுபதாம் கல்யாணம் செய்வது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். வடசென்னையிலிருந்தும் வேன் பிடித்துப் போகிறார்கள். கும்ப நீரால் அபிஷேகம், மாலை மாற்றல், மறுபடி ஒரு தாலி. காலனை வென்றவன் சன்னதியில் நின்றுவிட்டு வந்த கையில் காலத்தை எண்ணும் கருவியைக் கட்டுவது முரணா, பொருத்தமா என்பதற்கு மரபில் நேர் விடை கிடையாது. வாட்ச் அந்தச் சடங்கின் தட்டில் இடம் பெற்ற பொருள் அன்று. புத்தாடை, பொன், பாத்திரம், தானம் ஆகியவையே அங்கு உண்டு.

இந்த விடையின் பலவீனம், அது எல்லோருக்கும் பொருந்தாது என்பது. கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்க வேண்டும். ராயபுரத்தின் கிறித்தவக் குடும்பங்கள் நன்றித் திருப்பலியோடு நிறுத்திக்கொள்வார்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தச் சடங்கே கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதிதான் பிறந்த தேதி. சான்றிதழ்ப்படி ஒரு அறுபது, நட்சத்திரப்படி ஒரு அறுபது. வேலை ஓய்வோ மூன்றாவது கணக்கு: தனியார் ஆலைகள் பலவற்றில் 58, தமிழக அரசுப் பணியில் 2021 முதல் 60. வாட்சின் பின்மூடியில் தேதி பொறிக்கக் கொடுக்கும் நாளில்தான் பல குடும்பங்கள் எந்த அறுபதைக் கொண்டாடுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

துறைமுகத்தின் நேரம், சங்கின் நேரம்

நல்ல கடிகாரம் இந்தக் கரைக்கு நகையாக வரவில்லை. கப்பல் கருவியாக வந்தது. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கத் துல்லியமான நேரம் வேண்டும். 1792இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் வானாய்வகம் அந்தத் தேவைக்கும் உழைத்தது. அதன் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்காம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதையொட்டி அமைந்த 'மெட்ராஸ் நேரம்' கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் ஓடியது. 1906 சனவரி 1இல் இந்திய நேரம் ஐந்தரை மணி என்று வகுக்கப்படும்வரை நாட்டின் ரயில்கள் பெரும்பாலும் இந்த நேரத்தைத்தான் பின்பற்றின. 1856இல் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயிலோடு, நிமிடக் கணக்கு இப்பகுதி மக்களின் அன்றாடத்துக்குள் நுழைந்தது என்று சொல்லலாம்.

அதைவிட ஆழமாக நுழைந்தது ஆலையின் நேரம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள். எண்ணூரில் 1948 முதல் அசோக் மோட்டார்ஸ், பிறகு அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1950களில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். இந்த வரிசையில் வேலை செய்தவர்களுக்கு நேரம் சங்கு ஊதி வந்தது. முதல் சங்குக்கு எழுந்து, அடுத்த சங்குக்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். மணி பார்க்கத் தொழிலாளிக்கு வாட்ச் தேவைப்படவில்லை. அவருக்காக வேறொருவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

தென்னாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமே நேரத்தைப் பற்றிய வழக்கு என்பது இங்கே முக்கியம். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, அரை மணி நேர உணவு இடைவேளை போதவில்லை என்பது பெரம்பூர்த் தொழிலாளர்களின் முதல் குறைகளுள் ஒன்று. ஐந்தாண்டு கழித்து 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை கேட்டுப் பிறந்த நாள் அது. இது பழங்கதையும் இல்லை. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்த சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது.

இந்தப் பின்னணியில்தான் நீண்ட காலச் சேவைக்கு நிர்வாகம் தரும் வாட்சைப் புரிந்துகொள்ள முடியும். இருபத்தைந்து ஆண்டு முடித்தவருக்கும் ஓய்வு பெறுபவருக்கும் சுவர்க்கடிகாரமோ கைக்கடிகாரமோ தருவது இந்தியத் தொழிற்சாலைகளில் பரவலாக இருந்த வழக்கம். அந்த இடத்தை நெடுநாள் நிரப்பியது எச்.எம்.டி. அரசு நிறுவனமான அது 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கிற ஜனதா, பைலட் போன்றவை ஒரு தலைமுறையின் மணிக்கட்டை ஆண்டன. அன்றைய கணக்கில் அது ஆடம்பரமும்கூட. முதல் எச்.எம்.டி. வாட்சை வேட்டியில் முடிந்து பத்திரப்படுத்தும் அளவுக்கு மதிப்பு இருந்த காலம் உண்டு.

இந்த விடையின் வலிமை, உழைப்புக்கும் வாட்சுக்கும் நேர்த் தொடர்பைச் சொன்னது. ஆனால் அதைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி நிற்கிறது. நாற்பது ஆண்டு ஒருவரின் நேரத்தை வாங்கிக்கொண்ட தரப்பே, கடைசி நாளில் நேரம் காட்டும் கருவியைத் திருப்பித் தருகிறது. சிலருக்கு அது கௌரவம். சிலருக்கு அது மேசை இழுப்பறையில் கிடந்து நின்றுபோன பொருள். நிர்வாகம் தேர்ந்தெடுத்த வாட்சில் அதைப் பெறுபவரின் விருப்பத்துக்கு இடமில்லை. பிள்ளைகள் இன்று வாங்கித் தர விரும்பும் வாட்சை இந்த இடத்திலிருந்து பார்த்தால், அது சங்கின் நேரத்திலிருந்து விடுபட்டவருக்குத் தரப்படும், அவரே அவருக்காகப் பார்க்கும் முதல் நேரம். இந்தக் கட்டுரை கனிவோடு பார்க்கும் வாசிப்பு இதுவே. எனினும் ஓய்வுக்குப் பிறகும் காவல் பணிக்கோ ஒப்பந்த வேலைக்கோ போகிறவர்கள் இங்கே ஏராளம் என்பதால், இதை எல்லோர் மீதும் ஏற்றிச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை வாட்ச்

நடுத்தர, தொழிலாளர் குடும்பங்களில் ஓர் ஆணின் முதல் நல்ல வாட்ச் பெரும்பாலும் மாமனார் வீட்டிலிருந்து வந்தது. மோதிரம், வாட்ச், சில காலம் கழித்து ஸ்கூட்டர் என்று பட்டியல் நீண்டது. கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளையின் சட்டைக் கை சற்று மேலேறி இருப்பதற்குக் காரணம் இருந்தது.

அறுபதாம் கல்யாணம் முதல் கல்யாணத்தின் மறுநிகழ்வு என்றால், வாட்சும் மறுபடி வருவதில் ஒரு தருக்கம் உண்டு. இம்முறை தருபவர்கள் பிள்ளைகள், மருமகன்கள், மருமகள்கள். முதல் வாட்ச் பல வீடுகளில் பெண் வீட்டார் கடன்பட்டு வாங்கியது. 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்த பிறகும் அது 'அன்பளிப்பு' என்ற பெயரில் தொடர்ந்தது. இரண்டாவது வாட்சில் கட்டாயம் குறைவு என்று நம்பலாம். மருமகள் சம்பளத்திலிருந்து பங்கு எதிர்பார்க்கப்படும் வீட்டில் அந்த நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாகும்.

'ஃபாரின்' வாட்சின் ஆட்சி

உயர்ந்த வாட்ச் என்றால் சுவிஸ் என்ற எண்ணம் பழையது. அண்ணா சாலையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கடிகாரம் விற்ற கடை. 1737இல் தொடங்கிய ஃபேவர் லூபா 1865 முதல் இந்தியாவில் வணிகம் செய்தது. வாத்தியார், கிளார்க், கங்காணி எல்லோரும் அறிந்த பெயராக நின்றது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியதும் அந்நிய வாட்ச் அரிதாயிற்று; அரிதானதால் மதிப்பு ஏறியது. அந்த மதிப்பு ஏறிய இடம் துறைமுகத்தின் வாசல். கப்பல் பணியாளர்கள், சிங்கப்பூர், மலேசியா, பின்னால் வளைகுடா போய் வந்தவர்கள், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே அமைந்த பர்மா பஜார் எனச் சீக்கோவும் சிட்டிசனும் வந்து சேர்ந்த வழிகள் பல.

1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இந்தக் காலத்தின் மனநிலையைக் காட்டும் சான்று. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் ஒரு பொருள் பறிமுதல் செய்யப்பட்டால், அது கடத்தலானது இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும். எல்லாப் பொருளுக்கும் இல்லை. தங்கத்தோடு சேர்த்து வாட்சையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லி வைத்தது. இன்றும் வைத்திருக்கிறது. ராஜாஜி சாலையில் சுங்க மாளிகையின் நிழலில் நடந்து போகும் ஒருவரின் கையிலிருந்த 'ஃபாரின்' வாட்ச் பெருமையும் பயமுமாக இருந்ததற்கு இது காரணம்.

இந்த விடையின் பலவீனங்கள் வெளிப்படை. ரசீது கிடையாது, உத்தரவாதம் கிடையாது, போலி மலிந்தது. அதோடு அந்த வாட்சின் சிறப்பு அதன் வேலைப்பாட்டிலிருந்து வரவில்லை, வேலி தாண்டி வந்ததிலிருந்து வந்தது. 1991இன் தாராளமயத்துக்குப் பிறகு இறக்குமதி வேலி இறங்க இறங்க அந்தச் சிறப்பும் இறங்கியது.

அதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்தது. 1969 டிசம்பர் 25இல் சீக்கோ விற்பனைக்கு விட்ட ஆஸ்ட்ரான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விநாடிக்கு 8,192 முறை துடிக்கும் அதன் படிகத்தின் முன்னால், பல்சக்கரமும் மயிரிழைச் சுருளும் துல்லியத்தில் நிற்க முடியவில்லை. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் வாட்ச் தொழிலில் 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. இந்தியாவில் அந்தத் திருப்பத்தைப் பிடித்தது டைட்டன். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் 1984இல் சேர்ந்து தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த நிறுவனம். அரசுக் கழகம் இன்றும் அதன் பெரும் பங்குதாரர். 2002இல் அது கொண்டுவந்த எட்ஜ் 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான். எச்.எம்.டி. அந்த ஓட்டத்தில் பின்தங்கியது. 2016இல் அதன் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஓர் ஆலைத் தொழிலாளியின் அறுபதுக்குத் தமிழ்நாட்டு ஆலையில் செய்த வாட்ச் என்பது தன்னளவில் கனமான விடை. 'அதுதான் எல்லார் கையிலும் இருக்கே' என்ற ஒரு சொல்லில் அது தள்ளப்படுவது வருத்தத்துக்குரியது.

பொன்னா, வாட்சா?

பாட்டியின் விடை பெரும்பாலும் பொன். அதை எளிதில் ஒதுக்க முடியாது. தங்கச் செயினை அவசரத்துக்கு அடகுக் கடையில் வைக்கலாம்; வங்கியும் நகைக்கடன் தரும். ஆஸ்பத்திரிச் செலவு, படகு இயந்திரக் கோளாறு, கல்லூரிக் கட்டணம் எனப் பொன் பலமுறை மானம் காத்த பகுதி இது. எஃகு வாட்ச் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அடகுக் கடைத் தராசில் நிற்காது. 18 காரட் பொன் கூடு கொண்ட வாட்சிலும் முக்கால் பங்குதான் தங்கம். அந்தத் தங்கத்துக்கு மேல் கொடுத்த விலை உருக்கும்போது கரைந்துவிடும்.

இதற்கு மறுப்பாக இன்று முன்வைக்கப்படுவது முதலீட்டு வாதம். சில சுவிஸ் வாட்சுகள் வாங்கிய விலைக்கு மேல் விற்கின்றன என்பது உண்மை. ஆனால் அது மிகச் சில பெயர்களின் மிகச் சில வகைகளுக்கு மட்டும், அதுவும் பெட்டி, சான்றிதழ், ரசீது எல்லாம் இருந்தால். பெரும்பாலான உயர்விலை வாட்சுகள் கடை வாசலைத் தாண்டியதும் மதிப்பிழக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு மாற்றங்கள் உண்டு. 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரத்தை வாங்கும்போது 1 விழுக்காடு வரி மூலத்திலேயே வசூலிக்கப்படுகிறது. வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், வாங்கியவரின் பெயர் அரசின் பதிவேட்டுக்குப் போகிறது. மறுபுறம், இந்தியா சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்சுகள் மீதான சுங்கவரி அதன்படி கட்டம் கட்டமாகக் குறையும். விலை குறையப்போகும் பொருளை முதலீடு என்று அவசரப்பட்டு வாங்குவதில் தருக்கம் இல்லை. அறுபதாம் பிறந்தநாள்தான் வரி அட்டவணைக்குக் காத்திருக்காது.

பரம்பரை வாதம் முதலீட்டு வாதத்தைவிட நுட்பமானது. நீங்கள் இதன் உரிமையாளர் இல்லை, அடுத்த தலைமுறைக்காகப் பாதுகாப்பவர் மட்டுமே என்ற பொருளில் படேக் ஃபிலிப் 1996 முதல் விளம்பரம் செய்துவருகிறது. விளம்பரம்தான் என்றாலும், தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியைக்கூட எடுத்து வைத்திருக்கும் வீடுகளில் அது எடுபடுகிறது. ஆனால் ஒரு வாட்ச், மூன்று பிள்ளைகள் என்ற கணக்கை அந்த விளம்பரம் சொல்வதில்லை. பொன்னை உருக்கிப் பங்கிடலாம். வாட்சைப் பங்கிட முடியாது.

பொன் வேண்டாம் என்பதற்குச் சமயக் காரணமும் உண்டு. ஆண்கள் பொன் அணிவது விலக்கப்பட்டது என்று கொள்ளும் முஸ்லிம் குடும்பங்களுக்கு மண்ணடியிலும் ராயபுரத்திலும் உயர்ந்த வாட்ச் என்றால் எஃகுக் கூடுதான். ஓர் ஆண் அணியத்தக்க சிறப்புப் பொருளாக அவர்களுக்கு அதுவே மிஞ்சுகிறது. அந்த வீடுகளில் 'பொன்னா, வாட்சா' என்ற வாதமே எழுவதில்லை.

வேண்டாம் என்போர்

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. பெருவணிகராக இருந்து, காதற்ற ஊசி ஒன்றின் வழியே நிலையாமையை உணர்ந்து, எல்லாவற்றையும் விட்டு வந்தவர் அடங்கிய இடம் இந்த ஊர் என்பதைப் பெரியவர்கள் மறக்கவில்லை. அறுபதுக்குப் பிறகு சேர்ப்பது குறைய வேண்டும், கழிப்பது கூட வேண்டும் என்ற எண்ணம் இங்கே புத்தகத்திலிருந்து வந்தது இல்லை. 'எனக்கெதுக்குப்பா இதெல்லாம்' என்று அப்பா சொல்வதை வெறும் தயக்கம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வது தவறாகவும் இருக்கலாம்.

இதே முடிவுக்குக் கணக்குப் பார்த்தும் வரலாம். பணிக்கொடை என்பது ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 15 நாள் சம்பளம். முப்பது ஆண்டு உழைத்தவருக்கு அது வேலை நாள் கணக்கில் ஏறத்தாழ 17 மாதச் சம்பளம். அந்தத் தொகையில் பெண் கல்யாணம், வீட்டுக்கடன், சர்க்கரை நோய் மருந்து எல்லாம் வரிசையில் நிற்கின்றன. வாட்சுக்குப் பணம் பிள்ளைகளுடையது என்றாலும், வீட்டின் தேவை ஒன்றே. தவணையில் வாங்கிய ஆடம்பர வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு அதன் தவணை முடியும் தேதியை எண்ணும் நிலை அறுபதில் யாருக்கும் வரக்கூடாது. ஆனால் மறுப்பாளர் தரப்பிலும் ஒரு பிழை உண்டு. வாழ்நாள் முழுதும் தேவைக்கு மட்டுமே வாங்கிய ஒருவருக்குத் தேவைக்கு மேல் ஒன்றாவது தர வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசையை அது வீண்பகட்டு என்று படித்துவிடுகிறது. அந்த ஆசை மதிப்புக்குரியது.

மணிக்கட்டின் வயது

இதுவரை பார்த்த எல்லாத் தரப்பும் வாட்சைப் பற்றிப் பேசின. அதைக் கட்டப்போகும் கையைப் பற்றிப் பேசியவை குறைவு. இங்கேதான் நிறையத் தவறுகள் நிகழ்கின்றன.

லேத், கிரேன், வெல்டிங் என்று வேலை செய்தவர்கள் பணியில் வாட்ச் கட்டுவதில்லை. சுழலும் இயந்திரம் பிடித்து இழுத்துவிடும். விசைப்படகில் வலை இழுப்பவருக்கும் அப்படியே. வாட்ச் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணத்துக்கும் உரியது. அறுபது வயதில்தான் முதன்முறையாக நாள் முழுதும் கட்டப்போகிறார்கள். கனத்த எஃகு வாட்ச் அந்தக் கைக்குப் பழக்கமில்லாத சுமை. பக்கத்துப் பார்வை மங்கும் வயதில், கறுப்பு முகப்பில் சாம்பல் நிற முள் புலப்படாது. உள்ளுக்குள் மூன்று சிறு வட்டங்கள் கொண்ட வாட்ச் பார்க்க அழகு, படிக்கக் கடினம். மூட்டுவலி உள்ள விரலால் திருகி மூடும் சாவியை இயக்குவது நாள்தோறும் ஒரு சிரமம்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைவில் சாவி ஏறுவது. ஓய்வுக்குப் பின் நடமாட்டம் குறைந்தவர் கையில் அது அடிக்கடி நின்றுபோகும். அப்போது வாட்ச் பழுது என்று அவர் நினைப்பார். சில சமயம் தன்னைப் பற்றியே ஏதோ நினைப்பார். துல்லியச் சான்று பெற்ற சுவிஸ் இயந்திர வாட்ச்கூட நாளொன்றுக்கு 4 விநாடி பின்னாலும் 6 விநாடி முன்னாலும் போக அனுமதி உண்டு. சில நூறு ரூபாய் பேட்டரி வாட்ச் மாதத்துக்கே பெரும்பாலும் அரை நிமிடத்துக்கு மேல் பிசகாது. இயந்திர வாட்சை வாங்குவதற்கான காரணம் துல்லியமாக இருக்க முடியாது என்பதைப் பிள்ளைகள் முன்பே அப்பாவிடம் சொல்லிவிடுவது நல்லது.

கடலோரத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. உப்புக்காற்றும் வியர்வையும் தோல் பட்டையைச் சீக்கிரம் அழுகவிடும். எஃகுச் செயினோ ரப்பர்ப் பட்டையோ தாங்கும். பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் அது கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு மட்டும். கடலில் இறங்க அது போதாது. நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் முதுமை அடைபவை, மாற்ற வேண்டும்.

மாற்றுவது யார் என்பதே எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் எச்.எம்.டி.யைக் கொடுத்தால் மாலையில் ஓடும். இயந்திர வாட்சின் எண்ணெய் சில ஆண்டுகளில் உலரும்; பிரித்துத் துடைத்துப் புதிதாக இட வேண்டும். பல சுவிஸ் நிறுவனங்கள் உதிரிபாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற பணிமனைகளுக்கு மட்டுமே தருகின்றன. அங்கே ஒருமுறை ஆகும் செலவில் தெருமுனையில் ஒரு புது வாட்சே வாங்கலாம். எனவே வாட்சின் விலையோடு அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்று, நான்கு சர்வீஸ் செலவையும் சேர்த்தால்தான் அது உண்மை விலை. இந்தச் செலவு அப்பாவின் ஓய்வூதியத்தில் விழக்கூடாது என்பது கட்டுரையின் உறுதியான கருத்து. கொடுப்பவர்களே அதையும் கொடுக்க வேண்டும்.

தீராத கேள்விகள்

மேலே சொன்ன எல்லா விடைகளிலும் அறுபது ஆணுடையது. அறுபதாம் கல்யாணமே கணவனின் வயதை வைத்து எண்ணப்படுவது; மனைவி அதில் பங்கு பெறுகிறாள், அவளுடைய அறுபது தனியாக எண்ணப்படுவதில்லை. சேவை வாட்ச், மாப்பிள்ளை வாட்ச், 'ஃபாரின்' வாட்ச் மூன்றும் ஆணின் மணிக்கட்டைப் பார்த்தே பேசின. காசிமேட்டில் விடியலுக்கு முன் ஏலத்துக்கு நிற்கும் மீன்கார அம்மாவின் நாள், படகு கரை சேரும் நேரத்தில் தொடங்கிக் கூடை காலியாகும் நேரத்தில் முடிகிறது. அவருக்கு அறுபது எப்போது நிறைந்தது என்று கேட்ட வீடுகள் எத்தனை? இந்த இடைவெளியை அடைக்காத எந்த விடையும் பாதி விடைதான்.

ஸ்மார்ட் வாட்ச் இன்னொரு திறந்த கேள்வி. இதயத் துடிப்பைப் பார்க்கும், சில வகைகள் விழுந்தால் மகனின் ஃபோனுக்குத் தகவல் சொல்லும். ஆயுளை வேண்டும் சடங்கு மரபுக்கு, சுவிஸ் வாட்சைவிட இது நெருக்கமானது என்று வாதிட இடமுண்டு. ஆனால் சில ஆண்டுகளில் அதன் பேட்டரியும் மென்பொருளும் பழசாகிவிடும். நினைவுப் பொருளாக அது நிற்குமா என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. சங்கின் கண்காணிப்பிலிருந்து வெளியே வந்தவரை அன்பின் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறோமா என்ற ஐயமும் அதோடு சேர்ந்தே வருகிறது. அதற்கு அவரவர் அப்பாதான் விடை சொல்ல முடியும்.

இப்போதைக்கு ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியவை சிலவே. முதலீடு என்ற காரணம் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை. பரம்பரை என்ற காரணம், பழுது பார்க்கும் கை இருக்கும்வரை மட்டுமே நிற்கும். அந்தக் கைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது, தொழிலைக் கற்க வரும் இளைஞர்கள் குறைவு. உழைத்த நேரத்துக்கு மரியாதை என்ற காரணம் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆனால் அதற்கு வாட்ச் எவ்வளவு விலையுள்ளதாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் காரணத்திலிருந்து கணக்கிட முடியவில்லை. ஓசூரில் செய்த மெல்லிய வாட்சா, துடைத்து எண்ணெய் இட்டு மறுபடி ஓடவிட்ட அவருடைய கல்யாண வாட்சா, சுவிஸ் வாட்சா என்பது, பெட்டியைத் திறக்கும் முன் அவரைக் கடைக்கு அழைத்துப்போய் எது கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்டார்களா என்பதைப் பொறுத்தே பெரிதும் அமையும்.